டெட்ராய்ட் 13: கறுப்பின மக்களோட நகரத்துல கறுப்பின எம்.பி. ஏன் இல்லாம போச்சு

2022 நவம்பர்ல மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டோட 13-வது தொகுதியில ஸ்ரீ தானேதார் ஜெயிச்சப்ப நம்ம ஊர் நியூஸ் சேனல் எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஒரு செய்தி ஓடிச்சு, இன்னொரு இந்திய வம்சாவளி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போறாரு, பெல்காம்ல வளந்தவர், 1979-ல படிக்கப் போய் கெமிஸ்ட்ரியில டாக்டரேட் வாங்கி, கெமிக்கல் டெஸ்டிங் கம்பெனி நடத்தி பணக்காரர் ஆனவர், அப்டின்னு. எல்லாம் உண்மைதான். ஆனா அதே செய்தியை டெட்ராய்ட்ல இருக்கறவங்க வேற மாதிரி படிச்சாங்க. 1955 ஜனவரியிலேர்ந்து 68 வருஷமா அந்த நகரத்துலேர்ந்து குறைஞ்சது ஒரு கறுப்பின எம்.பி.யாவது வாஷிங்டன்ல இருந்துக்கிட்டே இருந்தாங்க, அந்த வரிசை அன்னைக்கு அறுந்துபோச்சு. நகரத்துல நாலுல மூணு பேருக்கும் மேல கறுப்பினத்தவர் (2020 சென்சஸ்படி சுமார் 78 சதவீதம்), அவங்க தயவு இல்லாம அங்க யாரும் ஜெயிக்க முடியாது, அப்பறம் எப்படி இது நடந்துச்சு?

"ஓட்டு பிரிஞ்சுடுச்சு"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிடலாம், அதை நமக்கு யாரும் கத்துக்கொடுக்க வேண்டியதில்ல. ஆனா அது பாதி பதில்தான். மீதி பாதிக்கு மக்கள்தொகை, தொகுதி எல்லை, ஆகஸ்ட் மாசம், காசு, இந்த நாலையும் பாக்கணும், அதுவும் இந்த வரிசையிலயே பாத்தாதான் புரியும்.

மொதல்ல மக்கள்தொகை. 1950-ல டெட்ராய்ட்ல 18.5 லட்சம் பேர் இருந்தாங்க, 2020-ல 6 லட்சத்து 39 ஆயிரம். ஒரு போரோ வெள்ளமோ வராம ஒரு பெரிய நகரம் மூணுல ரெண்டு பங்கு ஆளை இழந்திருக்கு. 1967-ல அங்க நடந்த இனக்கலவரத்துக்கு அப்பறம்தான் வெள்ளைக்காரங்க எல்லாம் ஓடிட்டாங்கன்னு ஒரு கதை உண்டு, பாதி சரி, ஏன்னா 1950-க்கும் 60-க்கும் நடுவுலயே கிட்டத்தட்ட 1.8 லட்சம் பேர் கொறஞ்சாச்சு, ஹைவே வந்துச்சு, புறநகர்ல வீட்டுக்கடன் வெள்ளைக்காரங்களுக்கு ஈசியா கெடச்சுது, கார் தொழிற்சாலைகளும் நகரத்தை விட்டு வெளியப் போக ஆரம்பிச்சுது, 67 அதை வேகப்படுத்துச்சு அவ்ளோதான். அதே ஹைவேக்காகத்தான் பிளாக் பாட்டம்னு ஒரு கறுப்பினக் குடியிருப்பையே இடிச்சுத் தள்ளினாங்க.

அதிகம் பேசப்படாத விஷயம் என்னன்னா, 2000-க்கு அப்பறம் வெளியப் போனது பெரும்பாலும் கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள். 2000-க்கும் 2010-க்கும் நடுவுல மட்டும் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் கொறஞ்சாங்க. ஸ்கூல் சரியில்ல, கார் இன்ஷூரன்ஸ் கட்டி மாளல, 2008-ல வீட்டுக்கடன் நெருக்கடி வேற, அதனால எட்டாவது மைல் ரோட்டைத் தாண்டி சவுத்ஃபீல்டு, ஈஸ்ட்பாயின்ட்னு பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிட்டாங்க. (2020 சென்சஸ்ல எங்களை ஒழுங்கா எண்ணவே இல்லன்னு நகர நிர்வாகம் சண்டை போட்டுச்சு, அதுக்கப்பறம் வந்த மக்கள்தொகை மதிப்பீடும் தப்புன்னு கோர்ட்டுக்கே போச்சு. 2023-க்கான மதிப்பீட்டுலதான் பல பத்து வருஷத்துக்கு அப்பறம் மொதல் தடவையா கொஞ்சூண்டு ஏறினதா வந்துச்சு, அதுவும் ரெண்டாயிரம் பேருக்குக் கீழ.)

இப்ப இதை எம்.பி. சீட்டு கணக்கா மாத்திப் பாருங்க. 1960 சென்சஸ்ப்படி மிச்சிகன் மாநிலத்துக்கு 19 சீட்டு, சராசரியா ஒரு தொகுதிக்கு 4.1 லட்சம் பேர். டெட்ராய்ட்ல அப்ப 16.7 லட்சம் பேர், அதாவது நாலு தொகுதிக்கான ஆள் அந்த ஒரே நகரத்துல இருந்தாங்க. 2020 சென்சஸுக்கு அப்பறம் மிச்சிகனுக்கு 13 சீட்டு, ஒரு தொகுதிக்கு 7 லட்சத்து 75 ஆயிரம் பேர். டெட்ராய்ட் முழுசா சேத்தாலும் ஒரு தொகுதி நிரம்பாது! மிச்சிகனோட மொத்த மக்கள்தொகை கொறையல, சொல்லப்போனா ஏறியிருக்கு, ஆனா டெக்சாஸும் புளோரிடாவும் அதைவிட வேகமா வளந்ததால பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டு அந்தப் பக்கம் போகுது. தொகுதி மறுவரையறைன்னா தமிழ்நாட்டுல ஏன் எல்லாரும் பதறுறாங்கன்னு யாராவது கேட்டா மிச்சிகனோட அறுபது வருஷக் கதையைக் காட்டலாம், அங்க அது அரசியல் பேச்சா இல்லாம சும்மா பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கற கணக்கா நடந்து முடிஞ்சுடுச்சு.

ஒரே தொகுதிக்குள்ள அடங்கற நகரம், சரி, அப்ப நகரத்தையே ஒரு தொகுதியா வச்சுட்டா கறுப்பின எம்.பி. கேரண்டிதானே? வச்சிருக்கலாம். வைக்கல. அதுக்குக் காரணம் ரொம்ப சுவாரசியமானது, நல்லது பண்றோம்னு நெனச்சுதான் பண்ணாங்க.

2011-ல மாநில சட்டமன்றம் ரிபப்ளிகன் கையில இருந்தப்ப வரைஞ்ச மேப்புல டெட்ராய்ட்டைச் சுத்தி ரெண்டு தொகுதி, 13-ம் 14-ம், ரெண்டுலயும் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. 1965 வாக்குரிமைச் சட்டப்படி அப்படி வைக்கணும்னு ஒரு பக்கம் நியாயம் சொன்னாங்க, இன்னொரு பக்கம் டெமாக்ரட் ஓட்டு எல்லாத்தையும் ரெண்டே தொகுதிக்குள்ள அடைச்சுட்டா சுத்தியிருக்கற புறநகர் தொகுதியெல்லாம் ரிபப்ளிகனுக்கு லாபம். 14-வது தொகுதி மேப்புல பாம்பு மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு டெட்ராய்ட்லேர்ந்து பான்டியாக் வரைக்கும் போகும். இந்த அநியாயத்தைப் பாத்துத்தான் 2018-ல மக்கள் ஓட்டுப் போட்டு, எம்.எல்.ஏ.க்கள் கையிலேர்ந்து அந்த வேலையைப் பிடுங்கி 13 சாதாரண ஆட்கள் கொண்ட ஒரு சுயேச்சைக் கமிஷன்கிட்ட குடுத்தாங்க, 4 டெமாக்ரட், 4 ரிபப்ளிகன், கட்சி சாராதவங்க 5 பேர்.

கமிஷன் என்ன பண்ணிச்சு, அடைச்சு வச்ச ஓட்டைப் பிரிச்சு விட்டுச்சு. டெட்ராய்ட்டை ரெண்டா வெட்டி, மேற்குப் பகுதியை டியர்பார்ன், சவுத்ஃபீல்டு எல்லாம் சேத்து 12-வது தொகுதியா ஆக்கினாங்க, மீதியை ஹாம்ட்ராம்க், ஹைலேண்ட் பார்க், பெரிய பணக்காரங்க இருக்கற குரோஸ் பாயின்ட் ஊர்கள், அப்பறம் தெக்க ஆத்தோரமா இருக்கற டவுன்ரிவர் தொழிலாளி ஊர்கள் எல்லாத்தோடயும் சேத்து 13-வது தொகுதியா ஆக்கினாங்க. ரெண்டுலயும் கறுப்பினத்தவர் பாதிக்குக் கீழ. மாநிலம் முழுக்க பாத்தா மேப் முன்னைவிட நியாயமா ஆச்சு, எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஓட்டோ கிட்டத்தட்ட அதுக்கேத்த சீட்டு. ஆனா டெட்ராய்ட்காரங்க கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்து கெஞ்சாத குறையா சொன்னாங்க, கட்சிக்கு நியாயம் பண்றேன்னு எங்க ஓட்டைக் கரைக்காதீங்கன்னு. 2023 டிசம்பர்ல மூணு ஜட்ஜ் கொண்ட ஃபெடரல் கோர்ட் இதே கமிஷன் வரைஞ்ச 13 சட்டமன்றத் தொகுதிகளை, இனத்தை வச்சு வரைஞ்சிருக்கீங்க, செல்லாதுன்னு தூக்கிப் போட்டுச்சு. அது மாநில சட்டமன்றத் தொகுதிகளுக்கு மட்டும்தான், எம்.பி. தொகுதி மேப் அப்படியே நிக்குது. இதை நெறைய பேர் குழப்பிக்கறாங்க.

என் கருத்து, கமிஷன் கெட்ட எண்ணத்துல பண்ணல, ஆனா "கறுப்பின வாக்காளர் 40 சதவீதம் இருந்தாலே போதும், அவங்க விரும்பற ஆள் ஜெயிச்சுடுவாங்க"ங்கற மாதிரி ஒரு எண்ணத்துல இருந்தாங்க. அது நவம்பர் தேர்தலுக்குப் பொருந்தற கணக்கு. இந்த மாதிரி தொகுதியில நவம்பர்னு ஒரு தேர்தலே இல்லையே.

அதான் மூணாவது விஷயம், ஆகஸ்ட். டெட்ராய்ட் நகரத்துல 2016-ல டிரம்ப் வாங்கினது சுமார் 3 சதவீதம். அங்க டெமாக்ரட் வேட்பாளரா யார் நின்னாலும் நவம்பர்ல ஜெயிச்சுடுவாங்க, தானேதாரும் 2022-ல 70 சதவீதத்துக்கு மேல வாங்கித்தான் ஜெயிச்சாரு. அதனால நெஜமான போட்டி ஆகஸ்ட்ல நடக்கற பிரைமரியிலதான், அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு மக்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ற தேர்தல்ல. மிச்சிகன்ல வாக்காளர் கட்சி உறுப்பினரா பதிவு பண்ணத் தேவையில்ல, ஓட்டுச்சீட்டுல ஏதோ ஒரு கட்சியோட பட்டியல்ல மட்டும் குத்தணும், ரெண்டுலயும் குத்தினா செல்லாது. பாதிக்கு மேல வாங்கணும்ங்கற கட்டாயம் கெடையாது, ஜார்ஜியா மாதிரி ரெண்டாவது சுற்றும் கெடையாது. யாருக்கு அதிகமோ அவங்கதான். ஆகஸ்ட் வெயில்ல, லீவு டைம்ல, ஓட்டுப் போட வர்றவங்க நவம்பர்ல வர்றவங்கள்ல ஒரு பங்குதான், அதுலயும் வயசானவங்க அதிகம், தபால்ல ஓட்டுப் போடறவங்க அதிகம்.

இந்த முறை எப்படி விளையாடும்னு பாக்க 2018-ஐ விட நல்ல உதாரணம் உலகத்துலயே கெடைக்காதுன்னு நெனைக்கறேன். ஜான் கான்யர்ஸ் 1965-லேர்ந்து அந்தப் பகுதியோட எம்.பி., பஸ்ல சீட்டை விட்டுக்குடுக்க மறுத்த ரோசா பார்க்ஸுக்கே இருபது வருஷத்துக்கு மேல தன்னோட ஆபீஸ்ல வேலை குடுத்தவர், பாலியல் தொல்லை புகார்கள் வந்து 2017 டிசம்பர்ல ராஜினாமா பண்ணாரு. அவரோட பதவிக்காலத்தோட கடைசி ரெண்டு மாசத்துக்கு ஒரு இடைத்தேர்தல், அடுத்த ரெண்டு வருஷத்துக்கு ஒரு பொதுத்தேர்தல், ரெண்டுக்கும் பிரைமரி ஒரே நாள்ல, 2018 ஆகஸ்ட் 7. அதே ஊர், அதே வாக்காளர், அதே ஓட்டுச்சாவடி. இடைத்தேர்தல் பிரைமரியில நாலு பேர் நின்னாங்க, டெட்ராய்ட் நகரக் கவுன்சில் தலைவர் பிரெண்டா ஜோன்ஸ் ஜெயிச்சாங்க. பொதுத்தேர்தல் பிரைமரியில கூடுதலா ரெண்டு பேர், மொத்தம் ஆறு பேர், பாலஸ்தீன வம்சாவளி ரஷீதா தலைப் வெறும் 900 ஓட்டுல ஜெயிச்சாங்க. கூடுதலா நின்னவங்கள்ல ஒருத்தர் டெட்ராய்ட்டோட மொதல் கறுப்பின மேயரோட மகன், கோல்மன் யங்னு அதே பேரு, அவரு மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல எடுத்தாரு. நாலு பேர்னா ஜோன்ஸ், ஆறு பேர்னா தலைப். லேப்ல வச்சு சோதனை பண்ணாக்கூட இவ்ளோ சுத்தமா வராது. (ஜோன்ஸ் அந்த சில வாரத்துக்கு எம்.பி.யா போய் உக்காந்துட்டு வந்தாங்க, அது ஒரு தனி காமெடி.)

2022-ல அதேதான், இன்னும் பெரிசா. பக்கத்து 14-வது தொகுதி எம்.பி. பிரெண்டா லாரன்ஸ் இனி நிக்கலன்னு சொல்லிட்டாங்க, தலைப் புது 12-க்குப் போயிட்டாங்க, 13 காலி. காலியா கெடக்கற பாதுகாப்பான சீட்டுன்னா முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வாய்ப்பு, எல்லாரும் குதிச்சாங்க. ஒன்பது பேர் நின்னாங்க, தானேதார் தவிர மத்த எட்டு பேரும் கறுப்பினத்தவர். வெய்ன் கவுன்ட்டி நிர்வாகத் தலைவர் வாரன் எவன்ஸ் முன்னாடியே இது இப்படித்தான் முடியும்னு தெரிஞ்சு ஒரு குழுவைக் கூட்டி, எல்லாரும் ஒரே ஆளா சேந்து நிப்போம்னு சொல்லி ஸ்டேட் செனட்டர் ஆடம் ஹோலியரை முன்னிறுத்தினாரு. மத்தவங்க விலகல. யார் விலகுவாங்க, எனக்கு ஏன் குடுக்கலன்னுதான் கேப்பாங்க. ரிசல்ட், தானேதாருக்கு சுமார் 28 சதவீதம், ஹோலியருக்கு 23-24, போர்ஷியா ராபர்சனுக்கு 17 கிட்ட, மீதியை மத்தவங்க பங்கு போட்டுக்கிட்டாங்க. ஓட்டு எண்ணிக்கையா பாத்தா 22 ஆயிரத்துச் சொச்சம். 7.75 லட்சம் பேர் வாழற தொகுதிக்கு எம்.பி. யாருன்னு முடிவு பண்ணினது 22 ஆயிரம் ஓட்டு, நம்ம ஊர்ல சில மாநகராட்சி வார்டுல இருக்கற வாக்காளர் எண்ணிக்கை.

நாலாவது காசு. தானேதார் 2018-லயே கவர்னர் பிரைமரியில தன் சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்குல எறக்கி மூணாவதா வந்தவர். அப்ப அவரை யாரும் பெரிசா எடுத்துக்கல, ஆனா அந்தச் செலவுல டெட்ராய்ட்ல அவர் முகம் எல்லா டிவியிலயும் பதிஞ்சுபோச்சு, அப்பறம் நகரத்துக்கே குடிவந்து 2020-ல மாநிலப் பிரதிநிதியா ஜெயிச்சாரு. 2022-லயும் சொந்தக் காசு, மில்லியன் கணக்குல. ஓட்டு ஒன்பதா சிதறும்போது எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பேருக்கு இருக்கற மதிப்பே தனி. எதிர்ப்பக்கமும் காசு இல்லாம இல்ல, இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபேக்கோட சூப்பர் பேக் (தேர்தல்ல எவ்வளவு வேணாலும் செலவு பண்ணக்கூடிய ஒரு குழு) ஹோலியருக்காக நாற்பது லட்சம் டாலர் அளவுக்கு எறக்கிச்சு, ஏன்னா தானேதார் எம்.எல்.ஏ.வா இருந்தப்ப இஸ்ரேலுக்கு எதிரான ஒரு தீர்மானத்துல கையெழுத்துப் போட்டிருந்தாரு. 2024-ல அதே அமைப்பு தானேதார் பக்கம் நின்னுச்சு, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். "ஓட்டு பிரிஞ்சுது, அதனால அநியாயமா போச்சு"ங்கற விளக்கத்தை முழுசா நம்பறவங்க 2020-ஐப் பாக்கணும். தலைப்பும் ஜோன்ஸும் நேருக்கு நேர் மோதினாங்க, நடுவுல ஓட்டைப் பிரிக்க ஆளே இல்ல, தொகுதியும் கறுப்பினப் பெரும்பான்மை இருந்த பழைய 13-தான். தலைப் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கி ஜெயிச்சாங்க. 2022-ல 12-வது தொகுதியில அவங்களை எதுத்து நின்ன மூணு பேரும் கறுப்பினப் பெண்கள், அவங்க மூணு பேர் ஓட்டையும் கூட்டினாக்கூட தலைப்பைத் தொட முடியல, அறுபது சதவீதத்துக்கு மேல. அதாவது கறுப்பின வாக்காளர் தோலைப் பாத்து மட்டும் ஓட்டுப் போடறதில்ல, அப்படி நெனைக்கறது அவங்களைக் கொறச்சு எடை போடறது. தண்ணி பில், வீட்டுவரி, கார் இன்ஷூரன்ஸ்னு பேசி, தொகுதியில நாலு இடத்துல ஆபீஸ் தொறந்து வச்சு வேலை பாத்தா யாரா இருந்தாலும் போடறாங்க. ஓட்டு பிரியறது ஒருத்தரை உள்ள கொண்டுவந்து விடும், அதுக்கு மேல பதவியில இருக்கறவங்கங்கற பலம் பாத்துக்கும்.

இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. 2012-ல மறுவரையறையால 14-வது தொகுதியில ரெண்டு சிட்டிங் எம்.பி.க்கள் மோதிக்கிட்டாங்க, ஹான்சன் கிளார்க், கேரி பீட்டர்ஸ். கிளார்க்கோட அம்மா கறுப்பினத்தவர், அப்பா வங்கதேசப் பகுதியிலேர்ந்து வந்தவர், டெட்ராய்ட்லயே பொறந்து வளந்தவர். பீட்டர்ஸ் புறநகர்லேர்ந்து வந்த வெள்ளைக்காரர். கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியில பீட்டர்ஸ் ஜெயிச்சாரு, மூணாவதா நின்னு கணிசமா ஓட்டுப் பிரிச்சது சவுத்ஃபீல்டு மேயர் பிரெண்டா லாரன்ஸ், அவங்களே ரெண்டு வருஷம் கழிச்சு பீட்டர்ஸ் செனட்டுக்குப் போனதும் அந்த சீட்டுக்கு வந்தாங்க. அப்ப யாரும் இதைப் பெரிசா பேசல, ஏன்னா பக்கத்துல கான்யர்ஸ் இருந்தாரு. ரெண்டு சீட்டு இருக்கறப்ப ஒண்ணு போனா தெரியல.

இன்னொரு முரண். 2023-ல மிச்சிகன்லேர்ந்து கறுப்பின எம்.பி.யே இல்லையான்னா இருந்தாரு, ஜான் ஜேம்ஸ். ரிபப்ளிகன், பக்கத்து மெகோம்ப் கவுன்ட்டி தொகுதி, வெள்ளைக்காரங்கதான் அங்க பெரும்பான்மை.

தொகுதிக்குள்ள இப்ப என்ன மாறுதுன்னு பாத்தா, நவம்பர் ஓட்டுலயும் கொஞ்சம் ஆட்டம் இருக்கு. டிரம்ப் டெட்ராய்ட்ல 2016-ல 3, 2020-ல 5, 2024-ல 8 சதவீதம் கிட்ட. சின்ன நம்பர்தான், ஆனா மிச்சிகன் மாநிலத்தையே 2016-ல அவர் ஜெயிச்சது 10,704 ஓட்டு வித்தியாசத்துல, அந்த வருஷம் ஹிலாரிக்கு டெட்ராய்ட்ல விழுந்த ஓட்டு 2012-ல ஒபாமாவுக்கு விழுந்ததைவிட 40 ஆயிரத்துக்கும் மேல கம்மி. ஆக டெட்ராய்ட் யாருக்குப் போடும்ங்கறது கேள்வியே இல்ல, எத்தனை பேர் வருவாங்கங்கறதுதான் கேள்வி.

ஹாம்ட்ராம்க் கதை தனி. டெட்ராய்ட்டுக்கு நடுவுல தீவு மாதிரி இருக்கற 28 ஆயிரம் பேர் ஊர், ஒரு காலத்துல முழுக்க போலந்துக்காரங்க, டாட்ஜ் கார் ஃபேக்டரியில வேலை, 1987-ல போப் ரெண்டாம் ஜான் பால் வந்துட்டுப் போன ஊர். இன்னைக்கு யேமன்காரங்களும் வங்கதேசத்துக்காரங்களும், 2022-லேர்ந்து கவுன்சில்ல இருந்த எல்லாருமே முஸ்லிம்கள். 2020-ல பைடனுக்கு எண்பது சதவீதத்துக்கு மேல போட்டவங்க, 2024-ல ஹாரிஸுக்கு 46, டிரம்புக்கு 43 கிட்ட, அவ்ளோ கீழ. காசா போர் ஒரு பெரிய காரணம், ஆனா அது மட்டும் இல்ல, ஸ்கூல்ல பாலினம் பத்தின புத்தகங்கள், ப்ரைட் கொடி விவகாரம்னு அதுக்கு முன்னாடியே அப்ப அந்த ஊர் மேயரா இருந்த அமீர் காலிப் டிரம்ப் பக்கம் நகர ஆரம்பிச்சுட்டாரு, 2024 செப்டம்பர்ல வெளிப்படையாவே ஆதரவு குடுத்தாரு. "அர்பன் தொகுதி, மைனாரிட்டி ஓட்டு, டெமாக்ரட்"னு ஒரே மூட்டையா கட்டறவங்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. தெக்க டவுன்ரிவர்ல வெள்ளைத் தொழிலாளிக் குடும்பங்கள், யூனியன் வீடுகள், தென்மேற்கு டெட்ராய்ட்ல மெக்சிகன் குடும்பங்கள், இவங்களும் அதே தொகுதிதான். ஆகஸ்ட் பிரைமரியில இவங்க ஒவ்வொருத்தர் பங்கும் சின்னதுதான், ஆனா 28 சதவீதத்துல ஜெயிக்க முடியற தேர்தல்ல சின்னப் பங்குன்னு ஒண்ணு கெடையாது.

2024-ல ஹோலியர் மறுபடி வந்தாரு, இந்த தடவை ஓட்டு பிரியறதுக்கு முன்னாடியே ஆட்டம் முடிஞ்சுது. மனுவுக்கு ஆயிரம் செல்லுபடியாகற கையெழுத்து வேணும், அவர் காசு குடுத்து வச்ச ஆட்கள் வாங்கிட்டு வந்ததுல நெறைய போலின்னு தெரிஞ்சு, ஆயிரத்துக்குக் கீழ போய், மனு தள்ளுபடி. தானேதார் பாதிக்கு மேல வாங்கி ஜெயிச்சாரு, டெட்ராய்ட் கவுன்சிலர் மேரி வாட்டர்ஸ் ரெண்டாவது.

2025-ல தானேதார் டிரம்புக்கு எதிரா பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்து, சொந்தக் கட்சிக்காரங்களே வேணாம்னு சொன்ன பிறகு ஓட்டெடுப்புக்கு வற்புறுத்தாம விட்டாரு. அதே வருஷம் அவரை எதுத்து டொனவன் மெக்கின்னின்னு ஒரு இளம் கறுப்பின மாநிலப் பிரதிநிதி 2026 பிரைமரிக்கு எறங்கினாரு, பெர்னி சாண்டர்ஸ் ஆதரவு, பக்கத்துத் தொகுதி தலைப்பும் ஆதரவு. ஹோலியரும் மூணாவது தடவையா அறிவிச்சுட்டு, அப்பறம் மாநிலச் செயலாளர் பதவிக்குப் போட்டி போடறேன்னு அந்தப் பக்கம் போயிட்டாரு. அன்னைக்கு டெட்ராய்ட் அரசியல்ல இருக்கறவங்க மொதல்ல எண்ணிப் பாத்தது மெக்கின்னிக்கு எத்தனை சதவீதம்னு இல்ல, ஓட்டுச்சீட்டுல இன்னும் எத்தனை பேர் மிச்சம்னு.